பாட்டில் ஏறும் கணக்கு: கேள்வியும் பதிலும்

திருவையாற்றை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். சிறு வயதில் மிருதங்கமும் பயின்றவன். கணக்கு விதிகளைப் பாட்டாலும் தாளத்தாலும் பிள்ளைகள் மனத்தில் பதிய வைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: ஐயா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுத் தடையின்றிச் சொல்கிறாள். ஆனால் எட்டேழ் எவ்வளவு என்று கேட்டால் ஓரேழிலிருந்து தொடங்குகிறாள். பாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், அம்மா. பாட்டில் ஓர் அடி அடுத்த அடியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது. மறக்காமல் நிற்பதற்கும், நடுவில் நுழைய முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். ஆகவே நடுவில் ஒரு வாசல் திறந்து வையுங்கள். "ஐயேழ் முப்பத்தைந்து" என்ற அடியிலிருந்தே தொடங்கிச் சில நாள் பாடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் "ஐம்பத்தாறு" என்று விடையைப் பாட, அவள் "எட்டேழ்" என்று எடுத்துக் கொடுக்கட்டும். இதனுடன் கையும் சேர வேண்டும். "தகிட தகதிமி" என்று ஒருமுறை சொன்னால் மூன்றும் நான்குமாக ஏழு எழுத்து. ஒவ்வொரு முறைக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். எட்டுக் கொட்டை சேர்ந்தபோது தன் வாய் ஐம்பத்தாறு எழுத்தைச் சொல்லியிருப்பதை அவளே எண்ணிப் பார்த்துவிட்டால், அந்த விடை வெறும் ஓசையாக இராது.

பாபநாசத்திலிருந்து ஓர் ஆசிரியை: "ஒரே குறி சேர்ந்தால் கூட்டல், வேறு குறி சேர்ந்தால் கழித்தல்" என்று பாடக் கற்றுக் கொடுத்தேன். இப்போது பாதி வகுப்பு (−3) + (−4) = +7 என்று எழுதுகிறது. எங்கே பிழை?

பிழை "சேர்ந்தால்" என்ற சொல்லில் இருக்கிறது. நீங்கள் பெருக்கலை நினைத்துப் பாடினீர்கள். பிள்ளைகளின் காதிலோ சேர்ப்பது என்றால் கூட்டுவதுதான். தாங்கள் கேட்டபடியே அவர்கள் செய்திருக்கிறார்கள் என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு விதி எங்கே செல்லும் என்பதைப் பாட்டின் முதல் அடியே சொல்லிவிட வேண்டும். என் வகுப்பில் நான் பாடவைத்தது இது:

பெருக்கும் போதும் வகுக்கும் போதும் குறியைப் பாரு,
ஒரே குறி என்றால் மிகை என்று கூறு,
மாறிய குறி என்றால் குறை என்று கூறு.

கூட்டலுக்கு நான் பாட்டே வைப்பதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் எண்கோடு வரைந்து, பூச்சியத்திலிருந்து இடப்பக்கம் மூன்று அடி, பின்னும் இடப்பக்கம் நான்கு அடி நடக்கவைத்தால், குறை ஏழில் (−7) நிற்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு பெரியவர்: நாங்கள் ஒப்பித்த அரை, கால், அரைக்கால் எல்லாம் இன்றைய பேரனுக்குப் பயன்படுமா?

நிச்சயமாகப் பயன்படும், ஐயா. அரைக்கால் என்ற பெயரிலேயே காலில் பாதி, அதாவது 1/8, என்ற பெருக்கல் அடங்கியிருக்கிறது. 1/20-க்கு மா என்று பெயர்; நம் பக்கத்தில் 20 மா நிலம் ஒரு வேலி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரன் பாட்டு கற்பவனாக இருந்தால் தொடக்கப் பாடமான சரளி வரிசையின் மூன்று காலங்களை, அதாவது மூன்று வேகங்களைக் காட்டுங்கள்: ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஒரு சுரம், இரண்டு சுரம், நான்கு சுரம் என்று வரும்போது அரையையும் காலையும் அவன் காதாலேயே அளந்துவிடுவான்.

கும்பகோணத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவர்: செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு பழந்தமிழ்ப் பாட்டு உண்டென்று கைப்பேசியில் வந்தது. தேர்வில் எழுதலாமா?

எழுதாதே, தம்பி. நீண்ட பக்கத்தின் எட்டில் ஏழு பங்கோடு குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டு என்பதே அந்தப் பாட்டின் விதி. 3, 4 என்ற பக்கங்களுக்கு 3.5 + 1.5 = 5 என்று சரியாக வரும்; 5, 12 என்றாலும் 13 வரும். இரண்டும் பொருந்தியதும் மனம் நம்பிவிடுகிறது. 8, 15 என்று போட்டுப் பார்: 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வரும். இரு பக்கமும் 10 என்றால் 13.75 வரும்; உண்மை விடை ஏறத்தாழ 14.14. அது தோராயக் கணக்கு. அந்த அளவில் அழகானதும்கூட. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வட்டத்தின் பரப்பைக் காண உள்ள "வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி" என்ற விதியோ அப்படியல்ல. சுற்றளவில் பாதி πr, விட்டத்தில் பாதி r. பெருக்கினால் πr² என்ற பரப்பு பிசகாமல் கிடைக்கிறது. இரண்டையும் நீயே சரிபார்த்த பிறகு, இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்.

திருவாரூரிலிருந்து ஒரு தந்தை: எனக்குச் சுருதியே சேராது. நான் எப்படிக் கற்பிப்பது?

சுருதி தேவையில்லை, கைத்தட்டல் போதும். கும்மி மெட்டோ தாலாட்டு மெட்டோ உங்கள் வீட்டில் புழங்குவது எதுவாயினும் நன்று. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஆறாம் வாய்ப்பாட்டுக்கும் ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் ஒரே மெட்டை வைத்தால் நாற்பத்திரண்டில் இரண்டும் முட்டிக்கொண்டு, பிள்ளை ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்கும். ஆறுக்குத் "தகிட தகிட" என்றும் ஏழுக்குத் "தகிட தகதிமி" என்றும் நடையைப் பிரித்து வையுங்கள்.