'மால்குடி' வைத்தியநாதன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

'மால்குடி டேஸ்' டிவி தொடருக்கு இசை போட்ட இசையமைப்பாளர் எல்.வைத்தியநாதனைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மதுரை): சார், 'மால்குடி டேஸ்' தானன தானன ட்யூன் மட்டும்தான் தெரியும். போட்டவர் பேரே இப்பதான் கேள்விப்படறேன். யார் இவர்?

உங்கள் தப்பில்லை. டிவியில் டைட்டில் ஓடும்போது பெயரை யார் படிக்கிறார்கள்? 1942-இல் பிறந்தவர், 2007-இல் காலமானார். வி.லட்சுமிநாராயணாவின் பிள்ளைகளான வயலின் சகோதரர்கள் மூவரில் மூத்தவர். தம்பி எல்.சுப்ரமணியம் 'சலாம் பாம்பே' இந்திப் படத்துக்கு இசையமைத்தவர். இன்னொரு தம்பி எல்.சங்கர், 'சக்தி' என்ற இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலினோடு வாசித்தவர்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, இவையள் இஞ்ச இருந்த குடும்பமாமே, மெய்தானோ?

மெய்தான். தகப்பனார் அங்கே இசை சொல்லிக்கொடுத்தார். 1958-இல் இலங்கையில் நடந்த இனக் கலவரத்தோடு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது.

கேள்வி (திருப்பூர்): அண்ணே, எனக்குக் கீபோர்டு நல்லா வரும். நேரா போய் இசையமைப்பாளர் வாய்ப்பு கேக்கலாமா? இவர் எப்படி உள்ளே வந்தார்?

இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக. இளையராஜாவும் அவரிடம் இருந்தவர்தான். உதவியாளர் என்றால் எடுபிடி இல்லை தம்பி. மெட்டு முடிவானதும் வாத்தியக்காரர்களுக்கு நோட்ஸ் பிரித்து எழுத வேண்டும், ரிகர்சல் பார்க்க வேண்டும், டேக் போகும்போது நாலாவது வரிசை வயலின் சுருதி விலகினால் காதிலே பிடிக்க வேண்டும். வாய்ப்பு கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் யாரிடமாவது இந்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): அந்த மால்குடி ட்யூன்ல அப்படி என்ன இருக்கு? வார்த்தையே இல்லையே!

அதுதான் அதன் பலம். தொடரை இயக்குநர் சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார். கதை நடப்பது எழுத்தாளர் ஆர்.கே.நாராயணனின் கற்பனை ஊரில். தூர்தர்ஷனில் பார்த்ததோ இந்தியா முழுக்க. எந்த மொழியில் பாட்டு வைத்தாலும் பாதிப் பேருக்குப் புரியாது. மனிதக் குரலை வைத்துக்கொண்டு சொல்லை எடுத்துவிட்டார். திரையில் ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டோவியங்கள், கூடவே வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுப்பவர் குரல் மாதிரி ஒன்று. டிவி டைட்டில் இசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். இது அதட்டாமல் கூப்பிட்டது.

கேள்வி (கோவை): 'பேசும் படம்' இவரா? வசனமே இல்லாத படத்துக்கு இசைதான் வசனம்னு சொல்லலாமா?

இவரேதான், 1987. ஆனால் அப்படிச் சொல்ல மாட்டேன். வசனம் இல்லையென்று இசையைக் கொட்டியிருந்தால் படம் தாங்கியிருக்காது. கமல் தங்கியிருப்பது தியேட்டர் பக்கத்து அறை. சண்டைக்காட்சிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர். பெரிய ஓட்டலுக்குப் போனதும் அமைதியில் தூக்கம் வராது. அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து போட்டதும் தூங்கிவிடுவார்! அங்கே சிரிக்க வைப்பது டிஷ்யூம் டிஷ்யூம் சத்தம்தான், எந்த வாத்தியமும் இல்லை. ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது பின்னணி இசை சேர்க்கும்போது, எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடுவது என்பதுதான் பெரிய தலைவலி. இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவும் இதை அறிந்தவர் என்பது இவருக்கு வாய்த்தது.

கேள்வி (திருச்சி): இவ்வளவு திறமை இருந்தும் ஏன் முன்னணிக்கு வரலை? அரசியலா?

எல்லாவற்றுக்கும் அரசியல்தானா! இங்கே இசையமைப்பாளரைப் பாட்டை வைத்துத்தான் எடை போடுகிறோம். அன்றைக்கு ஆடியோ கேசட் விற்க வேண்டியிருந்தது, டீக்கடையில் பாட வேண்டியிருந்தது. இவருக்கு வாய்த்தவையோ பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்', சிறந்த படத்துக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரை வாங்கிய முதல் தமிழ்ப்படம் 'மறுபக்கம்' போன்றவை. எண்பதுகளில் இளையராஜா அலை வேறு. கன்னடத்தில் கை நிறைய வேலை இருந்தது என்பதை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கேள்வி (சென்னை): இப்ப சீரியலுக்கு இசை போடறவங்க நிலைமை என்ன சார்?

அவசரம். தினமும் ஒரு எபிசோட் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாசிக்க நேரம் கிடையாது. சோகம், பதற்றம், கல்யாணம் என்று துண்டு துண்டாக முன்பே போட்டு வைத்து, எடிட்டிங்கில் பொருத்திவிடுவார்கள். அதனால்தான் மாமியார் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே 'டொய்ங்'.

கேள்வி (புதுச்சேரி): புதுசா கேக்கறவங்க எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1982-இல் வந்த 'ஏழாவது மனிதன்'. பாட்டெல்லாம் பாரதியார். யேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே' கேளுங்கள், இயர்போனில் வேண்டாம், ஸ்பீக்கரில்.