ராக் புகைப்படங்களின் லென்டிகுலர் பிரிண்ட்: சேகரிக்கத் தகுந்த கலையா, வெறும் வித்தையா?

ராக் கச்சேரிப் படங்களை, நகர்ந்து பார்த்தால் மாறுகிற லென்டிகுலர் பிரிண்டாகப் பிரதி எண் போட்டு, கையெழுத்தோடு விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை வாங்கும்வரை, ஸ்கேலில் கண்ணடிக்குமே ஒரு பொம்மை, அதற்குப் பெரியண்ணன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ராக்குக்கும் இதற்கும் பழைய உறவு. 1967இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு வெளியிட்ட 'தேர் சாட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்' இசைத்தட்டின் உறையில், மைக்கேல் கூப்பர் எடுத்த படத்தை லென்டிகுலராக ஒட்டியிருந்தார்கள். சாய்த்துப் பார்த்தால் குழுவினரின் முகங்கள் ஒருவரையொருவர் நோக்கித் திரும்பும். பாடகர் மிக் ஜாக்கரின் முகம் மட்டும் திரும்பாது, கைகள் குறுக்கே வரும். செலவு கட்டுப்படியாகாமல் பிற்பாடு சாதாரணப் படத்துக்கு மாறிவிட்டார்கள்.

பிரிண்டின் மேல் நகத்தை ஓட்டினால் சர்ரென்று சத்தம் வரும். (விற்பவர் முன்னால் செய்யாதீர்கள்.) வரிவரியாக ஓடும் உருளை லென்ஸ்கள் அவை. அங்குலத்துக்கு 40 என்றால் ஒன்றின் அகலம் 0.64 மில்லிமீட்டர்தான். அதற்கு அடியில் பல ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, கீற்றுகளாக நறுக்கி, மாற்றி மாற்றி அடுக்கி அச்சிட்டிருப்பார்கள். பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப லென்ஸ் ஒரு ஃபிரேமின் கீற்றுகளை மட்டும் கண்ணுக்குக் காட்டும். கையில் வைத்து ஆட்டுகிற படத்தில் லென்ஸ் வரிகளைக் கிடைமட்டமாக வைத்தால் போதும், இரண்டு கண்ணுக்கும் ஒரே ஃபிரேம் தெரியும். சுவரில் மாட்டினால் ஆள்தான் நடக்க வேண்டும், அதனால் வரிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போது இடது கண்ணுக்கு ஒரு ஃபிரேம், வலது கண்ணுக்கு இன்னொன்று. ஆழம் காட்டும் 3டி படத்துக்கு அதுதான் உயிர். காட்சி மாறும் படத்துக்கோ அதுவே தலைவலி. ஒன்றின் மேல் இன்னொன்று ஆவிபோல நிழலாடும். நல்ல பிரிண்டையும் சுமாரான பிரிண்டையும் முதலில் இதை வைத்தே பிரித்துவிடலாம்.

ஆனால் நான் முதலில் கேட்பது மூலப்படம் என்ன என்பதைத்தான். ஒரே ஒரு நெகட்டிவை எடுத்துக் கணினியில் அடுக்குப் பிரித்து ஆழம் கொடுத்திருந்தால், பாடகர் பெரும்பாலும் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல நிற்பார். பிரபலமான படம் என்பதற்காக அதை வாங்க மாட்டேன், சாதாரண பிரிண்டே அழகு. ஒரே ஃபிலிம் சுருளில் அடுத்தடுத்து விழுந்த ஃபிரேம்கள் என்றால் கதையே வேறு. ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாத ஒன்று அதில் இருக்கிறது.

அப்புறம், எத்தனை பிரதி, கையெழுத்து யாருடையது என்பதெல்லாம் எந்தப் புகைப்படத்துக்கும் பார்ப்பதுதான். முன்பக்கம் லென்ஸ் என்பதால் கையெழுத்து பின்பக்கத்திலோ சான்றிதழிலோ இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். வெயில் படாமல் மாட்டுங்கள். மேலே கண்ணாடி போடாதீர்கள். நான் போட்டு, படத்தைவிட என் முகத்தையே அதிகம் பார்த்தேன்.

என்னுடையது ஒரு டிரம்மர். கண்ணாடியைக் கழற்றி, சமையலறைக்குப் போகும் வழியில் மாட்டியிருக்கிறேன். போகும்போது குச்சி மேலே, திரும்பி வரும்போது கீழே. நடுவில் ஓரடி தூரத்துக்கு இரண்டு குச்சியும் சேர்ந்து மங்கலாகத் தெரியும். குறைதான், ஆனாலும் எனக்கு அந்த ஓரடிதான் பிடிக்கும்.