என்ஐசியூவில் (பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கும் குழந்தைக்கு 'இனி பாலியேட்டிவ் கேர் மட்டும்' என்கிறார்கள். சம்மதித்தால் கைவிட்டது போல ஆகாதா?

ஆகாது. பாலியேட்டிவ் கேர் என்றால், குணமாக்க முடியாதபோது வலியில்லாமல் பார்த்துக்கொள்வது.

நீங்கள் வார்டு வாசலில் உட்கார்ந்து ராத்திரி போனில் இதைத் தட்டியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, திருப்பாப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். உங்கள் குழந்தைக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பிறக்கும்போதே மூச்சுத் திணறல். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் முருங்கப்பாக்கம் நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றது இன்னும் கனவில் வருகிறது. இப்படிப் பிறந்த குழந்தையின் மூளையைக் காப்பாற்ற, 6 மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைக்க ஆரம்பிப்பார்கள். 33, 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம். அது எங்களுக்கு நேரத்தோடு கிடைத்தது. இருந்தும் எம்ஆர்ஐ வந்த அன்று டாக்டர் எங்களை உட்காரச் சொன்னபோதே புரிந்துவிட்டது.

8ஆம் நாள், மூச்சுக்காக வாயில் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டாள், விட்டு விட்டு. "மறுபடி நின்றால் குழாய் போட்டு நெஞ்சை அழுத்தலாம் சார். அவளுக்கு வலிதான் மிஞ்சும். வேண்டாம் என்றால், வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம்" என்றார் டாக்டர். எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் கேட்டாள்: "அப்போ தூக்கலாமா?"

அதுவரை நாங்கள் அவளைத் தூக்கியதே இல்லை.

சம்மதித்தோம். அன்றாட ரத்தப் பரிசோதனை நின்றது. தவிர்க்க முடியாத ஊசிக்கு முன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் சில துளி. பிறந்த குழந்தைக்கு அதுவே வலியைக் குறைக்குமாம். வலிப்பு மருந்து நிற்கவில்லை. புருவம் நெரிகிறதா, கண்ணை இறுக்குகிறாளா, மூக்கோரம் மடிப்பு விழுகிறதா என்று பார்த்து சிஸ்டர் வலிக்கு மார்க் போட்டு எழுதிவைப்பார். வலிக்கு மார்ஃபின் என்றதும் பயந்தேன். 1980கள் வரை பல நாடுகளில் பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, சரியான மயக்க மருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கன்னத்தில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்க்காமல், பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தொட்டு ஒரு சிஸ்டர் கால் மணி நேரம் உரித்தார். அப்போதுதான் முழு முகத்தைப் பார்த்தோம். என் அப்பாவின் மோவாய். அத்தை கொண்டுவந்த அரைஞாண் கயிறைக் கட்ட விட்டார்கள். என் மனைவி நெஞ்சோடு வெறும் உடம்பாக அணைத்துக்கொண்டாள், உதட்டில் பஞ்சால் பால் தொட்டு வைத்தாள். நான்கு நாள் இருந்தாள். கைவிடுதல் என்றால் அதற்கு முந்தைய எட்டு நாளைத்தான் சொல்வேன். கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

இடையில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் லாட்ஜில் ரூம் வாடகை இரட்டிப்பு என்றார்கள், பெங்களூர்க் கூட்டம் வரும் நாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. தையல் பிரியாத பெண்ணை ஆஸ்பத்திரி பெஞ்சில் படுக்கவைத்தேன். வீக்எண்ட் கொண்டாட வந்தவனும் நானும் ஒரே ரேட்டா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எரிகிறது.

அப்புறம் சொந்தக்காரர்கள். "மெஷினை நிறுத்தச் சொல்லிட்டியாமேடா?" என்று பெரியப்பா காரியத்தன்றே கேட்டார். இங்கே பதில் எழுதவும் ஒருவர் வந்து, "எங்க அத்தை பையனையும் இப்படித்தான் சொன்னாங்க, இப்ப பத்தாவது படிக்கிறான்" என்பார். சந்தோஷம். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டை வேறொரு குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிவைப் பின்னால் மாற்றவும் செய்யலாம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

எங்களுக்கு யாரும் சொல்லாதது ஒன்றுதான். குழந்தை போன பிறகும் பால் சுரக்கும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் மனைவிக்கு நெஞ்சு கல்லாகி ஜுரமே வந்துவிட்டது. அத்தை மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டார், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். அதற்கு என்ன செய்வது என்று இப்போதே சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டம்மா காதில் விழாமல், நீங்களே தனியாகப் போய்.