எல்லா த்ராம்ப்ளேக்களும் உறவினர்களா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மொன்றியலில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் மூன்று பேருக்குக் குடும்பப்பெயர் த்ராம்ப்ளே. மூவரும் தங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்கிறார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அவர்களில் ஒருவர் தன் முன்னோரைத் தேட ஆசைப்படுகிறார். எங்கே தொடங்குவது? அமெரிக்காவில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் ட்ராம்ப்லி என்று எழுதுகிறார்களாம். அது வேறு குடும்பமா?

ஒரு வாசகி, மொன்றியல்

அன்புள்ள வாசகிக்கு,

மூவரும் உறவினர்களாகத்தான் இருப்பார்கள். பல தலைமுறை தள்ளிப்போன உறவு என்பதால் அவர்களுக்குத் தெரியவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் த்ராம்ப்ளே என்ற பெயர் கொண்டவர்களில் அநேகமாக எல்லோருமே ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள். கணவர் பியேர் த்ராம்ப்ளே, மனைவி ஓஸான் அஷோன்.

பிரான்சில் இப்படிச் சொல்ல முடியாது. அங்கே இது ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர். காற்றில் இலை நடுங்கும் ஒருவகை மரம் அடர்ந்த இடங்களுக்கெல்லாம் இந்தப் பெயர் உண்டு. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் தனித்தனியாக இதைப் பெற்றன. கடல் கடந்து கியூபெக்கில் வேரூன்றியது ஒரு குடும்பம்தான்.

பியேரின் ஊர் பிரான்சின் பெர்ஷ் பகுதியில் உள்ள ரான்தொன்னே. இன்றைய ஓர்ன் மாவட்டம். அதே பகுதியைச் சேர்ந்த ரொபேர் ஜிஃபார் 1634இல் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் போபோர் என்ற இடத்தில் நிலவுரிமை பெற்று ஆள் சேர்க்க ஆரம்பித்தார். அதைத் தொடர்ந்து பெர்ஷிலிருந்து சில நூறு பேர் கப்பலேறினார்கள். பியேர் வந்தது 1647இல், ஒப்பந்தக் கூலியாளாக. இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்கானவை. தவணை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். இவர் தங்கிவிட்டார். 1657 அக்டோபர் 2ஆம் தேதி கியூபெக் நகரத்தில், பிரான்சின் லா ரொஷேல் பக்கத்துப் பெண்ணான ஓஸானை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். பியேர், மிஷேல், ழாக், லூயி என்ற நான்கு மகன்கள் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார்கள். ஒற்றை மகனோடு நின்றுபோன முன்னோடிக் குடும்பங்களோடு ஒப்பிட்டால், இந்தப் பெருக்கத்தின் தொடக்கமே அந்த நால்வர்தான்.

அடுத்தது நிலம். ஆற்றங்கரைப் பண்ணைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து இடம் போதாமல் போனதும், குடும்பம் கிழக்கே ஷார்ல்வுவா பக்கம் நகர்ந்தது. அங்கிருந்து 1838இல் இருபத்தொருவர் சங்கம் என்ற குழு பைன் மரம் வெட்ட சாகெனே பகுதிக்குப் போய்க் குடியேறியது. அதன் தலைவர் அலெக்சி த்ராம்ப்ளே. ‘பிகோட்டே’, அதாவது அம்மைத் தழும்புக்காரர், என்பது அவருடைய பட்டப்பெயர். ஊரில் பாதிப்பேர் த்ராம்ப்ளே என்றால் பட்டப்பெயர் இல்லாமல் எப்படி அடையாளம் சொல்வது?

உங்கள் நண்பர் தேடலைத் தொடங்கவேண்டியது திருமணப் பதிவிலிருந்து. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஆயிரம் ழோசெஃப் த்ராம்ப்ளே வந்து நிற்பார்கள். ஆண் குழந்தைக்கு ழோசெஃப், பெண் குழந்தைக்கு மாரி என்று முதலில் சேர்த்து ஞானஸ்நானம் கொடுப்பது அங்கே வெகுகாலம் வழக்கம். வீட்டில் கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் வருவது. அதோடு, ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். ஞானஸ்நானப் பதிவை மட்டும் நம்பினால் இறந்த குழந்தையின் வழியில் போய் முட்டிக்கொள்ள நேரும்.

கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தாய் தந்தை பெயர்கள் இருக்கும். மறுமணமாக இருந்தால் பெற்றோருக்குப் பதிலாக இறந்துபோன முதல் துணையின் பெயர்தான் இருக்கும். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரிலேயே பதிவாகியிருப்பது நமக்குப் பெரிய வசதி. தாத்தா பெயரோடு பாட்டியின் பெயரையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். பாட்டியும் த்ராம்ப்ளேயாக இருந்தால் நான்கு பெற்றோர் பெயர்களையும் ஒப்பிடவேண்டும். சில பதிவுகளில் ‘மூன்றாம் படி இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது’ என்று பாதிரியார் எழுதியிருப்பார். இருவருக்கும் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி பொது என்று அர்த்தம். தலைமுறைக் கணக்கு சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல சான்று கிடையாது. அடக்கப் பதிவில் உள்ள வயதை மட்டும் நம்பவேண்டாம், அது பலநேரம் உத்தேசம்.

முதல் இரண்டு தலைமுறைக்கு வீட்டிலுள்ள இரங்கல் அட்டைகளும் செய்தித்தாள் மரண அறிவிப்புகளும் உதவும். அதற்கு முந்தைய பதிவேடுகள் ட்ரூவென் என்ற வம்சாவளி ஆய்வு நிறுவனம் படமெடுத்த தொகுப்பில் இருக்கின்றன. பழைய காலத்துக்கு மொன்றியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகைத் திட்டம் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாகவே கோத்து வைத்திருக்கிறது. தேவாலயத்துப் பிரதி எரிந்துபோயிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. இன்னொரு பிரதி நீதிமன்றத்துக்குப் போகும் ஏற்பாடு 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தலைமுறைக்கு ஒரு திருமணம் வீதம் பத்துப் பன்னிரண்டு பதிவுகளில் 1657க்குப் போய்விடலாம்.

ட்ராம்ப்லி வேறு குடும்பமல்ல. 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். லோவெல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் நகரங்களின் பஞ்சாலைகளில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். பொருளை அப்படியே மொழிபெயர்த்து லெப்லான் ‘ஒயிட்’ ஆனதும் ருவா ‘கிங்’ ஆனதும்கூட இப்படி எல்லை தாண்டிய குடும்பங்களில்தான். அமெரிக்கக் கிளையைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பெயர்வரிசையும் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

பெயர்வழியில் மட்டும் தேடினால் மகள்களின் சந்ததி முழுக்க விடுபட்டுப் போகும். அவர்கள் இன்று புஷார், காஞோன், சிமார் என்ற பெயர்களில் இருக்கிறார்கள். உங்கள் பிரிவில் அந்தப் பெயர்காரர்கள் இருந்தால் அவர்களையும் தாய்வழித் திருமணங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷார்ல்வுவாவிலோ சாகெனேயிலோ வேர் இருந்தால் ஓஸானின் பெயர் பெரும்பாலும் தட்டுப்பட்டுவிடும்.

அன்புடன்.