கூட்டம் நிறைந்த மண்டபத்தில் எங்கே நிற்பது? ஒலிப்பதிவாளரின் பதில்கள்

படம் எடுப்பவர்கள், வரைபவர்கள், டிசைன் செய்பவர்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடி ஆளையாள் தெரிந்துகொள்ளும் சந்திப்புகள் திருகோணமலையிலும் இப்போது நடக்கின்றன. நான் இந்த ஊரில் 20 வருடமாக மைக்கும் பொக்ஸும் கட்டுகிறவன். இந்தச் சந்திப்புகளுக்கு ஓடர் தேடியும் போயிருக்கிறேன். கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

உவர்மலை, ஓவியம் வரையும் தங்கச்சி: அண்ணா, 200 பேர் இருக்கிற இடத்துக்குத் தனியாகப் போகப் பயம். உள்ளே போனதும் என்ன செய்வது?

முதலில் ஸ்பீக்கர் பொக்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள் தங்கச்சி. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நம் கடற்கரை ஹோட்டல் மண்டபங்கள் எப்படி? கீழே டைல்ஸ், கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சத்தத்தை உறிஞ்ச ஒன்றும் இல்லை. பத்துப் பேர் கதைத்தால் பதினோராவது ஆள் குரலை உயர்த்துவார், அதைக் கேட்டு மற்றவர்களும் உயர்த்துவார்கள். எதியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911இலேயே இதைக் கவனித்து எழுதினார். சத்தத்துக்குள் நிற்கிறவன் தனக்கே தெரியாமல் கத்துவான். கத்தும்போது வாய் அகலத் திறக்கும், உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து கரைந்துபோகும்.

இதனால் நான் பட்டதைக் கேளுங்கள். ஒரு சந்திப்பில், பொக்ஸுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, ஒருவரிடம் குறும்படத்துக்கு ஒலிப்பதிவு ஓடர் எடுத்தேன். 'கிண்ணியா, காலை ஆறு மணி' என்றார். என் காதில் விழுந்தது கன்னியா, வெந்நீர்க் கிணறு இருக்கிற ஊர். விடியற்காலையில் பூம் கம்பும் மைக்கும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெந்நீர்க் கிணற்றடியில் போய் இறங்கினேன். குளிக்க வந்த குடும்பம் ஒன்று வாளியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுக்கிறவர்களோ பாலத்துக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஆள் பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை.

அதனால் பொக்ஸுக்குத் தூரமாக, திரைச்சீலை தொங்கும் பக்கமாக நில்லுங்கள். தேத்தண்ணி மேசை இருந்தால் வரிசை முடிகிற பக்கம் நல்லது. கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆள், யாரோடு போய் நிற்பது என்று தேடிக்கொண்டுதான் திரும்புவார். நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், நின்றாலே போதும். முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள், அப்போது இன்னும் யாரும் கத்தத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

நிலாவெளி, கமராக்காரர்: எத்தனை விசிட்டிங் காட் அடிப்பது?

இருபது போதும். கொடுக்கும்போது பின்பக்கத்தில் பேனையால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: 'கல்யாண வீடியோ பற்றிக் கதைத்தோம்'. பளபளப்பான தாளில் பேனை பிடிக்காது, சாதாரண மட்டையில் அடியுங்கள். ஊர்ப் பெயரை எழுத்தில் வாங்குங்கள், காதால் வாங்காதீர்கள்.

தம்பலகாமம், பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கு ஒரு காது கேட்காது. இப்படியான இடத்தில் தலை சுற்றுகிறது. போகாமல் விடுவதா?

போங்கள். தலை சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. கொலின் செரி என்ற ஆய்வாளர் 1953இல் இதைத்தான் ஆராய்ந்தார்: பல குரல்களுக்குள் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிடிக்கிறோம்? குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அதில் பெரிய உதவி. ஒரு காதுக்கு முந்தி வந்து மற்றதற்குப் பிந்தி வருவதையும், ஒன்றில் பலமாகவும் மற்றதில் மெதுவாகவும் விழுவதையும் வைத்துத்தான் மூளை திசையைப் பிரிக்கிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் எல்லாக் குரலும் ஒரே குவியலாக வருகிறது.

கேட்காத காதை மண்டபத்தின் பக்கமாகவும் கேட்கிற காதைக் கதைப்பவர் பக்கமாகவும் வைத்து நில்லுங்கள். விளக்கு அவர் முகத்தில் விழவேண்டும், உதடு தெரிந்தாலே பாதி புரியும். 'இந்தக் காது கேட்காது, இங்கால வாங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வராந்தாவுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் அலை பக்கத்தில் அடிக்கிற இடம் வேண்டாம், அந்த இரைச்சலும் பேச்சை மூடும்.

பாலையூற்று, டிசைனர்: என் வேலையைக் காட்டினால் திருடிவிடுவார்களா?

நீங்கள் வரைந்து முடித்ததற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாதுகாப்பு இருக்கிறது. பதிவு தேவையில்லை, படைத்தாலே போதும். உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும். ஆனால் வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் முடித்த வேலையைக் காட்டுங்கள், முடிக்காததை வெளியில் சொல்லாதீர்கள். மிச்சத்தைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சாம்பல்தீவு, திருமண வீடியோ: அண்ணை, இதெல்லாம் கொழும்பு நாகரிகம். நமக்கு வேலை வருவது மாமன் மச்சான் வழியாக. தெரியாத ஆளுக்கு யார் கல்யாண வீட்டைக் கொடுப்பார்?

தம்பி, மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பொஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், தெரிந்த ஆள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது சந்தித்தோம் என்றவர்கள் 100க்கு 17 பேர் அளவுதான். ஏறக்குறைய 56 பேர் எப்போதாவது சந்தித்தவர்கள், 28 பேர் வருடத்துக்கு ஒரு தடவை அல்லது அதிலும் குறைவு. மச்சானுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும், புதுச் செய்தி தூரத்து ஆளிடம்தான் இருக்கும்.

அதே தம்பி மறுபடி: அது கம்பனியில் உத்தியோகம் பார்க்கிற அமெரிக்கர் கதை. நான் சொல்வது சாம்பல்தீவுக் கல்யாணம்.

நியாயம். அவர் கேட்டது உத்தியோகத்தர்களிடம்தான். சரி, என் கொப்பியைப் புரட்டினேன். போன வருடம் செய்த 31 வேலையில் 14 சொந்தம் வழியாக வந்தவை. நீங்கள் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்தப் 14இல் ஒன்பதுக்கு 'நம்ம பிள்ளைதானே' என்று விலை குறைத்தார்கள், இரண்டுக்குக் காசு இன்னும் வரவில்லை. தெரியாத ஆள் அட்வான்ஸ் தருகிறார் தம்பி.

கிண்ணியா, அலங்காரக் கேக் செய்பவர்: நானா, ரெண்டு பேரும் மாமன் மச்சான் என்கிறீர்கள். என் மாமன் நான் தொழில் செய்வதையே வெளியில் சொல்லமாட்டார். எனக்கு முதல் பெரிய ஓடர் கிடைத்தது இப்படி ஒரு சந்திப்பில், மருதாணி போடுகிற ஒரு தங்கச்சியிடமிருந்துதான்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

சாம்பல்தீவுத் தம்பி: அந்தத் தங்கச்சி யாருடைய சொந்தம் என்று விசாரித்தீர்களா அக்கா?

கிண்ணியா: விசாரித்தேன். உங்கள் ஊர்ப்பிள்ளைதான்.

இரண்டு பேரும் இனித் தனியாகக் கதையுங்கள். எனக்கு இன்னும் கேள்விகள் கிடக்கின்றன.

சீனக்குடா: விசிட்டிங் காட் எத்தனை அடிக்கலாம்?

நிலாவெளிக்காரருக்குச் சொன்னதேதான்.

அலஸ்தோட்டம்: ஆகஸ்டில் கடற்கரையில் வைத்தால் நல்லதா?

கடல் அமைதியாக இருக்கும், ஆனால் பகலில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். நட்டுவைத்த பனர் எல்லாம் கடல் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறேன். மைக்கின் வாயில் பஞ்சு போடாமல் பேச விட்டால் காற்றுத்தான் கேட்கும்.

மூதூர்: ட்ரோன் பறக்கவிட்டுக் கூட்டத்தை எடுக்கலாமா?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையைக் கேளுங்கள். கடற்படைத் தளமும் விமான நிலையமும் இருக்கிற ஊர் இது.

அன்புவழிபுரம்: எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது.

இரைச்சலுக்குள் இரண்டாம் மொழியைப் பிடிப்பது, அதைத் தாய்மொழியாகப் பேசாத எல்லாருக்குமே கஷ்டம். எதிரில் நிற்கும் சிங்கள ஆளுக்கும் அப்படித்தான். சின்னச் சின்ன வசனமாக, மெதுவாகச் சொல்லுங்கள். போனில் உங்கள் வேலையின் படம் மூன்று தயாராக இருக்கட்டும். பொக்ஸுக்குப் பக்கத்தில் வேண்டாம், மறுபடி சொல்கிறேன்.

உப்புவெளி: அண்ணா, விசிட்டிங் காட்...

இருபது! இருபது! இருபது!

பெயர் போடாதவர்: சாப்பாடு இருக்குமா?

ரோல்ஸும் பட்டிஸும் இருக்கும். ஆனால் பிளக் பொயின்ட் அந்தப் பக்கம்தான் என்று, பொக்ஸை அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். இரண்டு எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள்.