கூண்டு இருக்கிறது, செடி எங்கே?

நகராட்சி ஒன்றின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பிரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போயிற்று. கிடைத்த நிவாரணம் 6,000 ரூபாய். இப்போது தெருமுனையில் குழி தோண்டி மரக்கன்று நடுகிறார்கள். அந்தப் பணத்தை வெள்ளத்தில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. 6,000 ரூபாய்க்கு பிரிட்ஜின் கதவுதான் வரும். ஆனால் அரசாங்கத்தின் சட்டையில் பைகள் நிறைய. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட கமிஷனருக்கே அதிகாரம் கிடையாது. கன்று நடும் பணம் உள்ளாட்சியின் பொது நிதியிலிருந்து வரும். இல்லையென்றால் 2022ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்திலிருந்தோ, ஏதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ வரும். பேரிடர் நிதி 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தனியாக நிற்கிறது. அதில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25.

அந்தப் பேரிடர்ப் பணத்துக்குள்ளேயே ஒரு பாகப்பிரிவினை உண்டு. மத்திய, மாநில அரசுகளுக்குள் பணத்தைப் பங்கு பிரித்துச் சொல்லும் 15ஆவது நிதிக்குழு 100 ரூபாயில் 80ஐ நிவாரணத்துக்கும் 20ஐ தணிப்புக்கும் என்று பிரித்தது. தணிப்பு என்றால் அடி விழுவதற்கு முன்னால் செய்கிற வேலை. ஆகவே முன்கூட்டிச் செலவழிப்பது வீண் என்று அரசாங்கமே நினைக்கவில்லை.

சரி, உங்கள் தெருமுனைச் செடி வெள்ளத்தைத் தடுக்குமா? தடுக்காது. அப்படிச் சொல்லி நடுகிறவரை நம்பாதீர்கள். வேளச்சேரியின் தண்ணீர் போக வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022ல் அதை ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டோம். அதற்குள் அதன் பெரும்பகுதியில் சாலையும் குப்பைமேடும் அடுக்குமாடியும் வந்துவிட்டன. மீதியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் ஏரியாவுக்கு வெள்ளத் தடுப்பு. அதைச் செய்யாமல் மேடை போட்டுக் கன்று நடுவதில் எனக்கும் எரிச்சல்தான்.

செடி தேவைப்படுவது வெயிலுக்கு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அதாவது, நிழலில்லாத பஸ் ஸ்டாப்பில் சுருண்டு விழுகிறவரும் இப்போது உங்களைப் போலவே பேரிடர்க் கணக்கில் வருகிறார். அங்கே ஒரு புங்கன் நின்றிருந்தால் அந்த 4 லட்சம் தேவைப்பட்டிருக்காதே என்று கணக்குப் பிள்ளையின் புத்தி யோசிக்கிறது.

ஆனால் அந்தப் புங்கன் உயிரோடு நிற்க வேண்டும். என் மேஜைக்கு ஒரு வருடம் 1,200 கன்று நட்டதாக பில் வந்தது. குழிக்கு, செம்மண்ணுக்கு, எருவுக்கு, இரும்புக் கூண்டுக்கு எல்லாம் தொகை இருந்தது. செய்த வேலையின் அளவைக் குறிக்கும் எம்-புக்கில் அளவும் கையெழுத்தும் சுத்தம். தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு பைசா இல்லை. பாஸ் செய்தேன்; செய்யாமலிருக்கக் காரணம் எதுவும் காகிதத்தில் இல்லை. ஒன்பது மாதம் கழித்து, சித்திரை வெயிலில், யாரும் சொல்லாமலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எண்ணினேன். மூன்று தெருவில் 84 கூண்டு. உயிரோடு இருந்த செடி 11. ஒரு கூண்டுக்குள் கோழி அடைத்திருந்தார்கள். அதையாவது உருப்படியான உபயோகம் என்று எழுதியிருக்கலாம். அடுத்த வருடம் அதே குழிகளில் மறுபடி நட்டார்கள், மறுபடி பில் வந்தது. ஆடிட்டில் யாரும் கேட்கவில்லை. செடி செத்தால் அதைப் பதிவதற்கு எங்கள் லெட்ஜரில் கட்டமே கிடையாது.

அதனால் உங்கள் வார்டில் மக்கள் நேரில் கேள்வி கேட்கும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தால், 'ஏன் நடுகிறீர்கள்' என்று கேட்காதீர்கள். போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செலவை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இன்னொன்று: வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் வாரத்தில் யாராவது செடி நடும் பைலை நகர்த்தினால் நானே எதிர்ப்பேன். அந்த வாரம் மோட்டாருக்கும் படகுக்கும் பால் பவுடருக்கும் உரியது.

கேள்வி: வர்தா புயலில் சாலையோர மரம் சாய்ந்து என் காரை நசுக்கியது. மரமே ஒரு பேரிடர்தானே?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: 2016 டிசம்பர் 12. மறக்க முடியுமா? எங்கள் தெருவில் இயல்வாகை ஒன்று கரண்ட் கம்பியோடு படுத்துவிட்டது. அப்புறம் பல நாள் இருட்டு. மரம் அறுக்க வந்தவர் 1,500 ரூபாய் கேட்டார். பண மதிப்பிழப்பு நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் கையில் இருந்தது ஒரே ஒரு புது 2,000 நோட்டு. தெரு முழுக்க அலைந்தும் சில்லறை இல்லை. 2,000த்துக்கும் அறுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு முருங்கையையும் சேர்த்து வெட்டிக்கொண்டோம். பாவம், முருங்கை ஒரு தப்பும் செய்யவில்லை.

விழுந்த இயல்வாகையின் வேரைப் பார்த்தேன். ஒரு பக்கம் வேரே இல்லை. இரண்டு வருடம் முன்பு மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது அந்தப் பக்க வேரை வெட்டியிருந்தார்கள். மற்றப் பக்கம் கழுத்து வரை சிமென்ட். ஒற்றைக் காலில் நின்ற மரத்தைக் காற்று தள்ளிவிட்டது, அவ்வளவுதான். வடிகாலும் பேரிடர்த் தடுப்புக்குத்தான் தோண்டினது என்பதை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா?

குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்றவை சீக்கிரம் வளரும், பூவும் நிழலும் தரும். ஆனால் புயல் அடிக்கிற கடற்கரை ஊரின் குறுகலான நடைபாதைக்கு ஆகாது. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை, மகிழம் மெதுவாக வரும். திறப்பு விழா போட்டோவில் அழகாக இருக்காது. அவற்றை நட்டு, அடியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்காவது மண்ணைச் சிமென்ட் போடாமல் விட்டால் போதும்.

கேள்வி: மியாவாக்கி காடு போடலாமே?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: போடலாம் தம்பி. சும்மா கிடக்கும் மூலைக்கு நல்லது, குருவி வரும். மியாவாக்கி என்ற ஜப்பான்காரரின் இந்த முறையில் ஒரு சதுர மீட்டரில் மூன்று நான்கு கன்று நெருக்கி நடுவதால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும்; அதனாலேயே அதிகாரிகளுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் வேலிக்குள் இருக்கும் காடு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு நிழல் தராது.

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னை முழுக்கப் போயிற்று. எங்களுக்கு நிவாரணமும் மரம் நடுவதும் ஒன்றேதான். பட்டணத்தில் மட்டும் ஏன் இரண்டாகப் பிரித்துச் சண்டை போடுகிறீர்கள்?
– ஒரு விவசாயி, பேராவூரணி

பதில்: ஐயா, எங்கள் ஊரில் மரம் யாருக்கும் சோறு போடவில்லை, அதனால்தான். 2018 நவம்பர் 16 காலையில் உங்கள் பக்கம் நடந்ததை டிவியில் பார்த்தபோது, ஒருவர் சாய்ந்த தென்னையின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது நினைவிருக்கிறது. அப்புறம் அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. முப்பது வருடம் காய்த்த மரத்துக்கும், வெட்டிப் போடும் கூலிக்கும் வித்தியாசம் 100 ரூபாய் என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

நட்ட நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம். அதுவரை ஊடுபயிரில் எப்படி ஓட்டினீர்கள், தண்ணீருக்கு என்ன செய்தீர்கள், பத்துக் கன்றில் எத்தனை பிழைத்தது? எங்கள் பூங்காப் பிரிவு ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், எழுதுங்கள். 2019ல் நட்டிருந்தால் இந்நேரம் பாளை விட்டிருக்குமே. முதல் குலை எப்படி என்றும் ஒரு வரி எழுதுங்கள்.