நெடுந்தீவு மணல் ஹட்டனில் கசிவது ஏன்?

கேள்வி: நெடுந்தீவுக்குப் போய்வந்து, அங்கே பொறுக்கிய மணல், சிப்பி, முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகளை ஹார்ட்போர்டில் அக்ரிலிக் வர்ணத்தோடு ஒட்டிப் படங்கள் செய்தேன். ஹட்டன் வீட்டில் மாட்டி இரண்டு மாதத்தில் மணல் ஈரமாகிறது. வெள்ளைத் தூளும் கறுப்புப் புள்ளியும் வருகின்றன. கண்ணாடி போட்டு 'சீல்' பண்ணினால் சரியாகும், வெளிநாட்டுக்கும் தானே அனுப்பி விற்றுத் தருவதாக பிரேம் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். ஈரத்தை உள்ளே வைத்து சீல் பண்ணினால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பகலில் உள்ளே ஆவியாகும் ஈரம் இரவுக் குளிரில் கண்ணாடியில் நீராகப் படிந்து படத்தின் மேலேயே இறங்கும்.

குற்றவாளி மணலிலுள்ள உப்பு. காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரையும்; வெயில் வந்தால் மறுபடி படிகமாகி வர்ணத்தைப் பெயர்க்கும். மலையகத்து மழைக்காலத்தில் கேட்கவா வேண்டும்?

தூள் மணலைச் சுற்றி இருந்தால் அது உப்பு. சிப்பியில் மட்டும் பூத்து மினுக்கம் போயிருந்தால், ஹார்ட்போர்டிலிருந்து வரும் அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்பை அரிக்கிறது என்று அர்த்தம்.

ஒட்டிய மணலைக் கழுவ முடியாது, ஹார்ட்போர்ட் வீங்கிவிடும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். புது மணலை வாளியில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி ஐந்தாறு நாள் கழுவுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை. பிறகு நன்றாகக் காயவைத்து, மணல் ஒரு பங்குக்கு அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பசை) இரண்டு பங்கு சேர்த்து மெல்லிசாகப் பூசுங்கள். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியாக இறுகாது, வெடிக்கும். தை மாத இரவில் பூச வேண்டாம்.

கறுப்புப் புள்ளி பூஞ்சணம். அது காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் பின்பக்கத்துக்கு மட்டும். முன்பக்கத்தில் பட்டால் வர்ணம் இளகிவிடும்.

இனி அந்த 'வெளிநாட்டு' விஷயம். முருகைக்கல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. "செத்துக் கரையொதுங்கியது, பரவாயில்லை" என்று தரகர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் படத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, கடைக்காரருடையது அல்ல. "பெர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்று முற்பணம் கேட்பவரிடம் பெர்மிட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். முறையாக விசாரிக்கப் போனால் ஒரு கையெழுத்துக்குக் கொழும்புக்கு இரண்டு பஸ் பயணம். தமிழ் அரசகரும மொழிதான். ஆனால் தமிழில் படிவம் கேட்டுப் பாருங்கள், தெரியும். தரகர் பிழைப்பதே இதனால்தான்.

முருகைக்கல்லின் வடிவம்தான் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. நெடுந்தீவில் வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கியவை. அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, மெழுகுக் கிரேயோனைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கல்லின் துளைகள் அப்படியே பதியும். கல் அங்கேயே இருக்கும், படம் உங்களோடு வரும், மெழுகுக்கு மலை ஈரமும் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அவர் வேலியில் மட்டும். ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் வேண்டாம், அது தொல்லியல் சின்னம். உதிரும் கல்லிலும் வேண்டாம்: முதலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெள்ளை ஒட்டினால் அடுத்த கல்லுக்குப் போங்கள்.